மஞ்சள் மாவும் மெக்சிகோ விதையும்

காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால், சாலையை ஒட்டியே தாமல் ஏரி விரிந்து கிடக்கும். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்றுக்குத் தன் பெயரைக் கொடுத்த பழைய ஊர் தாமல். ஐப்பசி, கார்த்திகை மழை கைகொடுத்த ஆண்டில் கலங்கல் வழியும். மதகைத் திறந்ததும் ஆயக்கட்டு முழுக்க நடவு நடக்கும். மழை பொய்த்த ஆண்டில் ஏரிக்குள் மாடு மேயும். நெல் விளையவில்லை என்றால் விவசாயி படும் பாடு கண்ணுக்குத் தெரியும். பக்கத்தில் பட்டுத்தறியில் உட்கார்ந்திருப்பவர் படும் பாடு அவ்வளவாகத் தெரியாது. அவர் தினமும் அரிசியைக் காசு கொடுத்து வாங்குகிறவர். அரிசி விலை ஏறும் அதே ஆண்டில்தான் கிராமங்களில் கல்யாணங்கள் தள்ளிப்போகும். சேலைக்கு ஆர்டர் குறையும். பாவு ஏறாமல் தறி சும்மா நிற்கும். 1952-53இல் கைத்தறித் துணி விற்காமல் தேங்கியபோது மதராஸ் மாநிலத்தின் நெசவாளர் ஊர்களில் கஞ்சித் தொட்டி திறக்க வேண்டி வந்தது. காஞ்சியில் பிறந்த அண்ணாதுரை, கைத்தறித் துணியைத் தோளில் சுமந்துகொண்டு திருச்சித் தெருக்களில் விற்றது அந்தப் பஞ்ச காலத்தில்தான்.

ஏரியையும் தறியையும் நம்பிய இப்படிப்பட்ட வட்டாரங்களின் சோற்றுப் பானை, அடுத்த 20 ஆண்டுகளுக்கு வாஷிங்டனில் எடுக்கப்பட்ட முடிவுகளோடு பிணைந்துவிட்டது.

சென்ற அத்தியாயத்தில் 1951ஆம் ஆண்டின் கோதுமைக் கடனைப் பார்த்தோம். 20 லட்சம் டன் தானியம் கேட்ட இந்தியாவை அமெரிக்க நாடாளுமன்றம் மாதக்கணக்கில் காக்க வைத்தது. பதிலுக்குத் திருவாங்கூர்க் கடற்கரையின் மோனசைட் மணலைக் கேட்டார்கள்; அணுசக்திக்கு உதவும் தோரியம் அதில் இருக்கிறது. நேரு மறுத்துவிட்டார். ஜூன் 15ஆம் தேதி அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டபோது அது நன்கொடையாக வரவில்லை. 19 கோடி டாலர் கடனாகத்தான் வந்தது. அதற்குள் சோவியத் கோதுமையும் சீன அரிசியும் இந்தியத் துறைமுகங்களை நோக்கிப் புறப்பட்டிருந்தன. பசித்தவனுக்கு யார் முதலில் சோறு போடுவது என்பது வல்லரசுகளுக்கிடையே போட்டியாகிவிட்டதை டெல்லி அன்றே புரிந்துகொண்டது.

மூன்று ஆண்டு கழித்து அந்தப் போட்டிக்குச் சட்ட வடிவம் வந்தது. 1954 ஜூலை 10ஆம் தேதி அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட பொதுச்சட்டம் 480, நம் ஊரில் பி.எல். 480 என்றே வழங்கியது. அமெரிக்க விவசாயிகள் விளைவித்துக் குவித்த தானியத்தைக் கிடங்கில் வைத்துக் காப்பதற்கே அந்த அரசு பெரும்பணம் செலவழித்துக்கொண்டிருந்தது. அதை நட்பு நாடுகளுக்கு அனுப்பினால் கிடங்கு காலியாகும், உள்நாட்டில் விலை விழாது, கம்யூனிசம் பரவாது. அனுப்பும் சரக்கில் பாதியாவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில்தான் போக வேண்டும் என்பது தனிச் சட்டம். கருணை அதில் இல்லவே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். செனட்டர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி போன்றவர்கள் பசிக்கு உணவு கொடுப்பதையும் பசி திரும்ப வராமல் தடுப்பதையும் ஒரே கொள்கையாக்க உண்மையாகவே உழைத்தார்கள். ஆனால் அந்தக் கருணைக்குப் பின்னால் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கையும் சேர்த்துப் படித்தால்தான் பின்னால் நடந்தது விளங்கும்.

இந்தியாவுடன் முதல் ஒப்பந்தம் 1956 ஆகஸ்டில் ஏற்பட்டது. 1960 மே மாதம் உணவு அமைச்சர் எஸ்.கே. பாட்டீலும் ஐசன்ஹோவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இன்னும் பெரியது: 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமை, 10 லட்சம் டன் அரிசி. விலையை இந்தியா டாலரில் கொடுக்க வேண்டியதில்லை. ரூபாயில் கொடுத்தால் போதும். அந்த ரூபாய் அமெரிக்காவின் கணக்கில் இந்தியாவிலேயே இருக்கும். ஒரு பகுதி அணை, மின்சாரம் போன்ற திட்டங்களுக்குக் கடனாகவும் மானியமாகவும் இந்திய அரசுக்கே திரும்பி வரும். ஒரு பகுதி அமெரிக்கத் தூதரகச் செலவுக்குப் போகும். இன்றைய பசிக்குக் கோதுமை, அந்தக் கோதுமை விற்ற காசில் நாளைய வளர்ச்சி என்று காகிதத்தில் பார்க்க அழகாக இருந்தது. ஆனால் மலிவான கோதுமை வந்து இறங்க இறங்க, உள்ளூர் விவசாயிக்குக் கிடைக்கும் விலை ஏறாமல் நின்றது. அதிகம் விளைவிக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லாமல் போனது. டெல்லிக்கும் அவசரம் போய்விட்டது. கப்பல்தான் வந்துவிடுகிறதே.

மதராஸ் மாநிலத்தில் நடந்தது வேறு. அதற்குக் காரணமானவர்களில் ஒருவர் காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்தில் பிறந்த நெ.து. சுந்தரவடிவேலு.

1954இல் காமராஜர் முதலமைச்சரானபோது பள்ளிக் கல்வியின் பொறுப்பு சுந்தரவடிவேலு கைக்கு வந்தது. பள்ளிக்கூடம் கட்டலாம், ஆசிரியரைப் போடலாம். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வரும் பிள்ளை பத்து மணிக்கு மேல் எதைப் படிக்கும்? மாடு மேய்த்தால் ஒரு வேளைக் கூழ் கிடைக்கும் என்ற நிலையில் இருக்கும் பையனை எந்தச் சட்டத்தால் பள்ளிக்கு இழுத்து வர முடியும்? மதிய உணவு என்ற எண்ணம் இந்தக் கேள்வியிலிருந்து வந்தது. அதிகாரிகள் பலர் நிதியில்லை என்றார்கள். காமராஜர் பிச்சை எடுத்தாவது செய்வேன் என்ற உறுதியோடு நின்றார். 1956இல் எட்டயபுரத்தில், பாரதி பிறந்த மண்ணில், திட்டம் தொடங்கியது.

தொடங்கிய விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதலில் அரசுப் பணம் இல்லை. ஊர்தான் பானை கொடுத்தது; விறகு கொடுத்தது; வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்துக் கொடுத்தது. அரசு மானியம் தரத் தொடங்கியபோது ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டு, ஆறு காசை அரசும் நாலு காசை ஊரும் ஏற்றன. ஆண்டுக்கு 200 நாள் சாப்பாடு. கூடவே பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் வந்தன. 1958இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் முதல் மாநாடு நடந்தது. கரும்பலகை, பெஞ்சு, கிணறு, கட்டிடம் என்று பள்ளிக்கு வேண்டியதை ஊர்மக்களே பட்டியல் போட்டு, அவர்களே கொடுத்தார்கள்.

ஆக, 1961இல் அமெரிக்க உணவு வந்து சேர்ந்தபோது அடுப்பு ஏற்கனவே எரிந்துகொண்டிருந்தது. இந்த ஒரு விஷயம்தான் தமிழ்நாட்டின் கதையை மற்ற பல இடங்களின் கதையிலிருந்து பிரிக்கிறது.

அந்த ஆண்டு வெள்ளை மாளிகைக்கு வந்த கென்னடி, பி.எல். 480 வேலைகளுக்கு ‘அமைதிக்கான உணவு’ என்ற புதிய முகம் கொடுத்தார். ஜார்ஜ் மெக்கவர்ன் அதன் இயக்குநர். அதே ஆண்டு நவம்பரில் வெளிநாட்டு உதவிக்கான அமெரிக்க அரசு நிறுவனம் யுஎஸ்எய்ட் பிறந்தது. ஏழை நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடுவதில் மெக்கவர்னுக்குத் தனி ஈடுபாடு உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஐரோப்பியக் குடும்பங்களுக்கு உணவுப் பொட்டலம் அனுப்பப் பிறந்த கேர் நிறுவனம் அப்போது இந்தியாவிலும் வேலை செய்துகொண்டிருந்தது. மதராஸ் அரசின் மதிய உணவுக்குப் பால் பவுடரும், சமையல் எண்ணெயும், மக்காச்சோள மாவும் கேர் மூலம் வரத் தொடங்கின.

அந்தக் காலத்தில் படித்தவர்கள் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் மஞ்சள் மாவு உப்புமாவை மறந்திருக்க மாட்டார்கள். பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்கும்; எண்ணெயில் கடுகும் மிளகாயும் தாளித்துக் கொட்டுவார்கள்; மக்காச்சோள மாவைத் தூவித் தூவிக் கிளறினால் கட்டியாகத் திரண்டு வரும். நம் நாக்குக்குப் பழக்கமில்லாத ருசி. சில பிள்ளைகளுக்கு அது வயிற்றோட்டம்; பல பிள்ளைகளுக்கு அன்றைக்கு அது ஒன்றுதான் உணவு. எண்ணெய் வந்த சதுர டின்னில், நட்சத்திரமும் பட்டையும் போட்ட கேடயத்துக்கு மேல் கைகுலுக்கும் இரண்டு கைகள் அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்க மக்கள் அளித்த நன்கொடை, விற்கவோ மாற்றவோ கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். காலி டின்னின் மேல்மூடியை வெட்டி, குறுக்கே ஒரு கட்டையடித்தால் தண்ணீர் இறைக்க வாளி. மூடியோடு விட்டால் தவிடு போட்டு வைக்க டப்பா. ஒரு வல்லரசின் வெளியுறவுக் கொள்கை சமையற்கட்டின் மூலையில் இப்படி ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தது.

கேர் கொடுத்தது உணவு. அடுப்பும், ஆயாவும், வருகைப் பதிவேடும், ஊர்க்குழுவும் நம்முடையவை. கப்பல் தாமதமானால் அரிசியும் பருப்பும் போட்டுச் சமைக்க முடிந்தது. 1960களின் கடைசியில் மைய சமையற்கூடங்களுக்கும் கேர் உதவியது. அதன் பிறகு அந்த நிறுவனத்தின் பங்கு மெல்லக் குறைந்தபோது திட்டம் சாயவில்லை. 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தபோது மாநில அரசின் சொந்தப் பணமே முதுகெலும்பு. 2001 நவம்பரில் நாடெங்கும் அரசுப் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, முன்னால் நின்ற உதாரணம் தமிழ்நாடு. அவசர உதவியும் நீண்டகால வளர்ச்சியும் ஒன்றாகச் சேர முடியுமா என்று உலகம் இன்றும் மாநாடு போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறது. சேர்ந்த இடம் ஒன்று நம் பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலேயே இருந்தது. திட்டத்தை முதலில் தீட்டியது வாங்கியவர்கள். கொடுத்தவர் அதில் வந்து சேர்ந்துகொண்டார்.

டெல்லிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

1964 ஜூனில் லால் பகதூர் சாஸ்திரியின் அமைச்சரவையில் உணவு, விவசாயத் துறையை யாரும் கேட்காமல் கிடந்த நேரத்தில் ஏற்றவர் பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம். விவசாயிக்கு நியாய விலை கிடைத்தால்தான் விளைச்சல் கூடும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். அதற்காக விவசாய விலைக் குழுவையும் இந்திய உணவுக் கழகத்தையும் ஏற்படுத்தினார். 1965 ஜனவரி 14, பொங்கல் நாளில் பிறந்த உணவுக் கழகத்தின் தலைமையிடம் அப்போது சென்னை. முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூர். வீரிய விதை, உரம், பாசனம் மூன்றையும் ஒன்றாக நல்ல நிலத்தில் போடுவோம் என்பது அவருடைய அடுத்த திட்டம். உரம் வாங்க அந்நியச் செலாவணி எங்கே என்று மறித்தவர் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. இரண்டு தமிழர்கள் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வாதாடினார்கள்.

அதே வேளையில் வானமும் வாஷிங்டனும் ஒன்றாகக் கைவிரித்தன. 1965இல் பருவமழை பொய்த்தது. பழைய பி.எல். 480 ஒப்பந்தத்தின் காலம் ஜூனில் முடிந்தது. அதிபர் லிண்டன் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தார். செப்டம்பரில் பாகிஸ்தானுடன் போர் மூண்டதும் மற்ற உதவிகளும் நின்றன. கோதுமை மட்டும் ஓரிரு மாதத் தேவைக்கு என்று அளந்து அளந்து வந்தது. எந்தக் கப்பல் எப்போது கிளம்பலாம் என்பதை ஜான்சனே பார்த்துக் கையெழுத்திட்டார். திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விடுங்கள் என்று சாஸ்திரி நாட்டைக் கேட்டுக்கொண்டார். தன் வீட்டிலும் அதைக் கடைப்பிடித்தார்.

1965 நவம்பரில் ரோம் நகரில் உலக உணவு, விவசாய அமைப்பின் மாநாடு நடந்தது. அதன் ஓரத்தில் சுப்பிரமணியமும் அமெரிக்க விவசாயச் செயலர் ஆர்வில் ஃப்ரீமனும் ரகசியமாக உட்கார்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். விவசாயத்துக்கு இவ்வளவு முதலீடு, உரத்துக்கு இவ்வளவு, விலைக்கு இந்த உத்தரவாதம் என்று இந்தியா ஒப்புக்கொண்டது. அமெரிக்காவின் கட்டளைக்குப் பணிந்துவிட்டார் என்று நாடாளுமன்றத்தில் அவரைத் தாக்கினார்கள். அந்தப் பழி அவருக்கு இழைத்த அநீதி. ரோமில் எழுதப்பட்டவை பெரும்பாலும் அவர் டெல்லியில் ஏற்கனவே கேட்டுக் கிடைக்காதவை. வெளியிலிருந்து வந்த நெருக்கடியை, உள்ளே தனக்கு இருந்த தடையை உடைக்கப் பயன்படுத்திக்கொண்ட சாமர்த்தியம் அது.

மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமை இதற்கு முன்பே இந்தியாவுக்கு வந்திருந்தது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் டெல்லியில் அதைச் சோதித்துப் பார்த்து, இந்த மண்ணில் விளையும் என்று உறுதி சொன்னார். சுப்பிரமணியம் தன் அரசு பங்களாவின் புல்தரையை உழுது, அதிலேயே விதைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். 1966இல் 18,000 டன் விதையை மெக்சிகோவிலிருந்து கப்பலேற்றினார்கள். அதற்கு முன் எந்த நாடும் இவ்வளவு விதையை ஒரே நேரத்தில் வாங்கியதில்லை. அந்த ஓர் ஆண்டில் மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதியாயிற்று. பிகாரில் பட்டினி வாசலில் நின்றது. சாப்பிடுவதற்கான கோதுமையும் விதைப்பதற்கான கோதுமையும் ஒரே ஆண்டில் துறைமுகத்தில் இறங்கிக்கொண்டிருந்தன.

ஜான்சனின் பிடி அப்போதும் தளரவில்லை. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்து உலக வங்கியின் சொல்லைக் கேட்ட இந்திரா காந்தி, ஜூலையில் மாஸ்கோ போனபோது வியட்நாமில் நடப்பது ஏகாதிபத்திய ஆக்கிரமிப்பு என்ற கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார். கப்பல்கள் மறுபடி தாமதமாயின. கொடுத்த சோற்றுக்கு வியட்நாம் பற்றி வாய்மூடி இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அது. பிகாரில் ஒரு தாய் கஞ்சிக்கு வரிசையில் நிற்பதற்கும் ஹனோயில் குண்டு விழுவதற்கும் முடிச்சுப் போட்டதை எந்த ராஜதந்திர நியாயத்தாலும் நியாயப்படுத்த முடியாது. அந்த நாட்களின் அவமானம் டெல்லி அதிகாரிகள் மனதில் ஒரு தலைமுறைக்கு ஆறவில்லை. இனி யாரிடமும் கையேந்தக் கூடாது என்ற வைராக்கியம் அங்கேதான் பிறந்தது.

காஞ்சி வட்டாரம் இதையெல்லாம் ரேஷன் கடை வாசலில் அனுபவித்தது. கப்பலில் வந்தது பெரும்பாலும் கோதுமை. இங்கே பழக்கம் அரிசி. நெல் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போகத் தடை. 1966இல் அரிசிக்காக மாநிலம் முழுவதும் கொந்தளிப்பு. கோதுமையைச் சாப்பிடுங்கள் என்ற உபதேசம் தறிக்குழியில் உட்கார்ந்தவரிடம் எடுபடவில்லை. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று அண்ணா அறிவித்தார். 1967 பிப்ரவரித் தேர்தலில் காங்கிரஸ் வீழ்ந்தது. இந்தித் திணிப்பு எதிர்ப்பும் அரிசியும் சேர்ந்து அதை வீழ்த்தின. விருதுநகரில் காமராஜர் தோற்றார். கோபிச்செட்டிப்பாளையத்தில் சி. சுப்பிரமணியம் தோற்றார். நாட்டின் பசியைத் தீர்க்கும் விதையைக் கொண்டுவந்தவருக்கு, அந்த விதை விளைந்து வருவதற்குள் மக்கள் விடை கொடுத்துவிட்டார்கள். மே 15ஆம் தேதி சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி தொடங்கியது. மாநிலம் முழுவதற்கும் விரிக்கக் கஜானா இடம்கொடுக்கவில்லை.

அடுத்த ஆண்டு நிலைமையே மாறியது. 1967-68இல் நாட்டின் உணவு தானிய விளைச்சல் 9.5 கோடி டன்னைத் தொட்டது. கோதுமை மட்டும் 1.65 கோடி டன். பஞ்சாபில் வைக்க இடமில்லாமல் பள்ளிக்கூடங்களில் மூட்டை அடுக்கினார்கள். தெற்கில் அதே வேலையை நெல் செய்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு 1960 முதல் தீவிர விவசாயம் நடந்துவந்த தஞ்சாவூரில், ஆடுதுறை நிலையத்தின் ஏடிடி 27 பரவியது. பிலிப்பைன்ஸிலிருந்து ஐஆர் 8 வந்தது. அந்த நெல் கொடுத்த விளைச்சலைக் கண்டு, நாமக்கல் பக்கத்து விவசாயி ஒருவர் தன் மகனுக்கே அதன் பெயரை வைத்தார். தாமல் போன்ற ஏரிப் பாசன ஊர்களுக்குக் குறுகிய கால நெல் கொடுத்த பலன் வேறு. ஏரியில் தண்ணீர் நிற்பது சில மாதங்கள்தான். அதற்குள் விளைந்து வீடு வந்து சேரும் ரகம் என்றால், கிணற்று மோட்டாரையும் துணைக்கு வைத்துக்கொண்டு இரண்டாம் போகத்துக்கும் துணியலாம். அதற்கு நாம் கொடுத்த விலையும் உண்டு: உரம் கூடியது, கிணறு ஆழமானது, ஏரியைத் தூர்வாரும் பொறுப்பு ஊரின் கையிலிருந்து நழுவியது. 1980களின் நடுவில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் மானியத்தில் தமிழ்நாட்டின் நூற்றுக்கணக்கான ஏரிகளின் மதகையும் வாய்க்காலையும் செப்பனிட வேண்டி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பி.எல். 480 ரூபாய் என்ன ஆயிற்று? அது இந்திய வங்கியில் குவிந்துகொண்டே போய், அமெரிக்காவுக்கே தலைவலியாகிவிட்டது. 1974 பிப்ரவரி 18ஆம் தேதி அமெரிக்கத் தூதர் டேனியல் பேட்ரிக் மொய்னிஹன், 1,664 கோடி ரூபாய்க்கு ஒரு காசோலையை இந்திய அரசிடம் கொடுத்துக் கணக்கை முடித்தார். அதுவரை உலகில் யாரும் எழுதாத பெரிய காசோலை என்று கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது. அந்த ரூபாயின் ஒரு சிறு துளி யாரும் எதிர்பாராத இடத்துக்குப் போயிருந்தது. 1962 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அந்தப் பணத்தில் இந்திய மொழிப் புத்தகங்களையும் இதழ்களையும் வாங்கி, அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. தமிழ் நாவல்களும், மாத இதழ்களும், சிறு பத்திரிகைகளும் அப்படித்தான் சிகாகோ வரை போய்ச் சேர்ந்தன. அறுபதுகளின் தமிழ் எழுத்தை ஆராய்கிறவர்கள் இன்றும் கடல் கடந்து தேடுவதற்கு அந்தக் கோதுமை ஒரு காரணம்.

இலவசமாக வரும் உணவை நாமே எப்படி மூலதனமாக்கலாம் என்பதற்கு இன்னும் கூர்மையான பாடம் பால் பவுடரில் கிடைத்தது. அதை நடத்திக் காட்டியவர் லயோலாவிலும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் படித்த வர்கீஸ் குரியன். 1960களின் கடைசியில் ஐரோப்பாவில் பால் பவுடரும் வெண்ணெயும் மலைபோல் குவிந்தன. அவை இந்தியாவுக்குள் இலவசமாகக் கொட்டப்பட்டால் நம் மாட்டுக்காரர்கள் அழிந்துபோவார்கள் என்று குரியன் அஞ்சினார். வேண்டாம் என்று மறுப்பதற்குப் பதில் வேறு நிபந்தனையோடு வாங்கினார். 1970இல் உலக உணவுத் திட்டத்தின் வழியாக 1,26,000 டன் பால் பவுடர், 42,000 டன் வெண்ணெய் எண்ணெய். மக்களுக்கு ஒரு சொட்டும் இலவசமில்லை. மும்பை, டெல்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களின் பால் பண்ணைகள் அதைக் கரைத்துப் பாலாக்கி, உள்ளூர்ப் பாலின் விலையைக் கெடுக்காத விலைக்கு விற்றன. அந்தப் பணத்தில் கிராமங்களில் கூட்டுறவுச் சங்கமும், குளிரூட்டு நிலையமும், லாரியும் வந்தன. சில ஆண்டு முன்பு மாதவரத்தில் பிறந்த சென்னையின் பால் பண்ணை இந்த ஏற்பாட்டில் ஒரு முனை. மறுமுனையில், விடியற்காலை சொம்போடு சங்கத்துக்கு நடந்த பெண்கள். காஞ்சிபுரம் பக்கத்தில் விவசாயம் பொய்த்த ஆண்டிலும் வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்த காசு பால் காசுதான். 1961இல் பள்ளிக்கூடத்து அண்டாவில் கரைந்த அதே பவுடர், 1970இல் தொழில் முதலீடாக மாறியது. கொடுத்தவருக்கு இரண்டும் உபரிதான். வாங்கியவர் போட்ட நிபந்தனை அதன் தலையெழுத்தை மாற்றியது.

இவ்வளவையும் கற்ற நாடு, தான் கொடுக்கும் இடத்துக்கு வந்தபோது என்ன செய்தது? 2003இல் இந்தியா ஆறு பெரிய கொடையாளர்களைத் தவிர மற்ற நாடுகளிடம் அரசு உதவி வாங்குவதை நிறுத்திக்கொண்டது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி அடித்தபோது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வெளிநாட்டு அரசுகளின் நிவாரணம் வேண்டாம் என்றது டெல்லி. அதே நாளில் இந்தியக் கடற்படையும் விமானப்படையும் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் கிளம்பின, அடுத்து இந்தோனேசியாவுக்கும். தன் கரையில் பிணங்கள் கிடக்கும்போது இப்படிச் செய்ய வேண்டுமா என்று கேட்டவர்கள் உண்டு. நாகையில் வலையும் படகும் இழந்து நின்றவரின் பக்கம் இருந்து பார்த்தால் அந்தக் கேள்வி மிக நியாயமானது. ஆனால் அவசரத்துக்கு வந்த உதவியை மறுத்த அரசு, வீடும் துறைமுகமும் திரும்பக் கட்ட உலக வங்கியிடமும் ஆசிய வளர்ச்சி வங்கியிடமும் நீண்டகாலக் கடன் வாங்கியது. 1966இல் பெற்ற வடு அந்த முடிவில் தெரிகிறது: சோற்றுக்குக் கைநீட்ட மாட்டோம், கட்டுமானத்துக்குக் கையெழுத்துப் போட்டு வாங்குவோம்.

ஆப்கானிஸ்தானில் அந்தப் பாடம் வேறு வடிவில் வந்தது. 2002 ஜனவரியில் இந்தியா 10 லட்சம் டன் கோதுமை தருவதாக அறிவித்தது. லாரிகள் தன் மண் வழியே போகப் பாகிஸ்தான் அனுமதிக்கவில்லை. எனவே கோதுமையைப் புரதம் சேர்த்த பிஸ்கட்டாக்கி, உலக உணவுத் திட்டத்தின் மூலம் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 கிராம். சுமார் 20 லட்சம் பிள்ளைகள். சாப்பாட்டுக்காகப் பள்ளிக்கு வருவது, வந்த பிறகு படிப்பது என்று காமராஜரும் சுந்தரவடிவேலுவும் கண்ட வழி காந்தகாருக்கும் ஹேரத்துக்கும் போய்ச் சேர்ந்தது. கூடவே சரஞ்சிலிருந்து தெலாராம் வரை 218 கிலோமீட்டர் நெடுஞ்சாலை. ஹேரத் மாகாணத்தில் சல்மா அணை. நிவாரணமும் வளர்ச்சியும் பிரிக்க முடியாதபடி பின்னியிருந்தன. 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் கைக்குப் போனது; தூதரகத்தை மூடிவிட்டு இந்திய அதிகாரிகள் திரும்பினார்கள். ஆறு மாதத்தில், 2022 பிப்ரவரி 22ஆம் தேதி, அட்டாரி எல்லையில் கோதுமை லாரிகள் வரிசையாக நின்றன. மொத்தம் 50,000 டன். இருபது ஆண்டு முன்பு வழிவிட மறுத்த பாகிஸ்தான் இந்த முறை வழிவிட்டது. ஜூனில் ஒரு சிறு இந்தியக் குழு காபூலுக்குத் திரும்பியது.

அதே 2022இல் அரிசி மூட்டைகளோடு ஒரு கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டது. அனுப்பியது மத்திய அரசு அல்ல, தமிழ்நாடு அரசு. அதற்குச் சட்டமன்றத் தீர்மானமும், டெல்லியின் சம்மதமும், முப்பதாண்டுப் போரின் நினைவும் தேவைப்பட்டன. 2009இல் வவுனியாவுக்கு அருகே மெனிக் பாம் முகாமில் இந்திய மருத்துவர்கள் கூடாரம் போட்டதிலிருந்து 50,000 வீடுகள் எழுந்தது வரையிலான அந்தக் கதை அடுத்த அத்தியாயத்தில்.